வள்ளத்துக்கு முதலில் எந்தக் கருவி?

கேள்வி: கொல்லங்கோட்டில் இருக்கிறேன். மீன்பிடித் தொழில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளோடு கரையோரமாக விழிஞ்ஞம் வரை போய்வர ஒரு ஃபைபர் வள்ளம் வாங்கியிருக்கிறேன். கடைக்காரர் பெரிய திரையுள்ள சார்ட்பிளாட்டர்தான் (கடல் வரைபடத்தில் வள்ளம் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி) வேண்டும் என்கிறார். துபாயில் இருக்கும் மச்சான் கார்மின் இன்ரீச் கொண்டுவருகிறாராம். வானிலைக்குப் போனில் விண்டி செயலி வைத்திருக்கிறேன், போதுமா?

பதில்: முதலில் மச்சானுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்ரீச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை இந்தியாவுக்குள் வைத்திருக்கக் கூடாது. விமான நிலையத்திலேயே பிடிபட்டு வழக்கில் மாட்டியவர்கள் உண்டு.

பகலில், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஓட்டுகிறவருக்குப் பெரிய சார்ட்பிளாட்டர் அவசியமில்லை. பட்டன் வைத்த கையடக்க ஜிபிஎஸ் போதும். சிக்னல் இல்லாத இடத்திலும் போனில் ஜிபிஎஸ் வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் வெயிலில் சூடேறி அணைந்துவிடும், ஈரக் கை பட்டால் தொடுதிரை சொன்னபடி கேட்காது. மிச்சமாகும் பணத்தில் தண்ணீர் புகாத, மிதக்கக்கூடிய கையடக்க விஎச்எஃப் ரேடியோ (மற்ற படகுகளோடும் கரையோடும் பேச உதவும் கருவி) வாங்குங்கள். அவசரத்துக்கு 16-ஆம் சேனல். ரேடியோவுக்கும் உரிமம் வேண்டும், அதைக் கடையிலேயே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். போனில் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554-ஐ அழைக்கலாம்.

வானிலை விஷயத்தில்தான் எனக்குக் கவலை. விண்டி நல்ல செயலி. ஆனால் பெரும்பாலோர் அதில் காற்றை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். நம் கரையில் ஆளைக் கவிழ்ப்பது கள்ளக்கடல். தெற்கே வெகுதூரத்தில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளிலும் வந்து ஏறும். 2024 மார்ச் 31-ஆம் தேதி கேரளக் கரையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது அப்படித்தான். அதனால் அதே செயலியில் ஸ்வெல் (தூரத்திலிருந்து உருண்டு வரும் அலை) உயரத்தையும் அலைகளுக்கு இடையிலான நொடிகளையும் பாருங்கள். இடைவெளி 15 நொடியைத் தாண்டினால் அன்றைக்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். கடலுக்குள்ளே சாதுவாகத் தெரியும் அந்த அலை, பொழிமுகத்திலும் (ஆறு கடலில் சேரும் இடம்) கரையேறும் இடத்திலும்தான் எழும்பி உடையும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் நிறுவனம் கள்ளக்கடல் எச்சரிக்கையை இலவசமாகவே வெளியிடுகிறது. கிளம்பும் முன் அதைப் பார்க்காமல் வள்ளத்தைத் தள்ளாதீர்கள்.

அப்புறம், எதை வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லும் இந்திய வாரண்டி அட்டையும் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து கையில் வந்த சரக்கை இங்கே சர்வீஸ் சென்டரில் தொடாமலும் போகலாம். பில் தர மறுத்தால் வேறு கடை பாருங்கள். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.