ஐட்லரின் சத்தம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தே பேரிங் கோளாறைச் சொல்லிவிடும் ஃபிட்டரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் சிமெண்ட் ஆலையில் கன்வேயர் பராமரிப்பில் இருக்கிறேன். எங்களுக்கு அதிர்வு சென்சார்கள் வந்துவிட்டன. இனி அந்தக் காது தேவைப்படுமா?

எம்.

அன்புள்ள எம்.,

தேவைப்படும். ஆனால் காதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. ஐட்லரின், அதாவது கன்வேயர் பெல்ட்டைத் தாங்கிச் சுற்றும் ரோலரின், பேரிங் கிறீச்சிடுவது நமக்குக் கேட்கிறது என்றாலே, தூசி சீலைத் தாண்டி, கிரீஸ் கெட்டு, அதன் ஆயுள் ஏறக்குறைய முடிந்திருக்கும்.

அதிர்வு அதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும். 152 மி.மீ. விட்டமுள்ள ரோலர், நொடிக்கு 3 மீட்டர் ஓடும் பெல்ட் என்று வையுங்கள். ரோலர் நொடிக்கு ஆறு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றும். 9 குண்டுகள் உள்ள 6205 ரகப் பேரிங்கின் வெளிவளையத்தில் சின்னக் குழி விழுந்தால், குண்டுகள் அதை நொடிக்குச் சுமார் 22 முறை தட்டும். மெல்லிய தட்டல், பெல்ட் இரைச்சலில் தொலைந்துபோகும். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் இரும்பு மணிபோலச் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் அதிர்ந்து அடங்குகிறது. அந்த உயர் அதிர்வை மட்டும் பிரித்து, அது நொடிக்கு எத்தனை முறை எழுகிறது என்று எண்ணினால் 22 கிடைத்துவிடும். என்வலப் என்று சொல்வது இதைத்தான். அருமையான யுக்தி.

சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. மீட்டருக்கு மூன்று ரோலர் என்றால், ஒரு கிலோமீட்டர் பெல்ட்டின் மேல்பக்கத்தில் மட்டும் 3000 ரோலர், 6000 பேரிங். மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் சென்சார் வைப்பார்கள், ஒவ்வொரு ஐட்லருக்கும் வைக்க முடியுமா? கன்வேயர் நெடுக ஃபைபர் கேபிள் ஓட்டி, அதையே காதாக்கும் முறை வந்திருக்கிறது. அது இல்லாத இடத்தில், நடைபாதையில் நடக்கிற ஆள்தான்.

ஒரு நைட் ஷிஃப்ட்டில் அந்த ஃபிட்டர் அண்ணன் ஓரிடத்தில் நின்றார். "நேத்து இது கத்துச்சு சார், இன்னிக்குச் சத்தமே இல்ல" என்றார். சரியாகிவிட்டது போல என்று நினைத்தேன். அவர் டார்ச் அடித்தார். ரோலர் சுற்றவேயில்லை, பெல்ட் அதன்மேல் இழுபட்டுக்கொண்டிருந்தது. சுற்றாத ரோலரில் 22 தட்டல் எங்கிருந்து வரும்? பெல்ட்டை நிறுத்திக் கழற்றினோம். ரோலரின் மேலோடு தகரமாகத் தேய்ந்து, விளிம்பு அரிவாள் மாதிரி இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பெல்ட்டையே கிழித்திருக்கும். நிலக்கரித் தூசியில் அந்த உரசல் சூடு தீயாகவும் மாறும்.

சென்சார் தரும் பட்டியல் கணினியிலேயே நின்றுவிடுகிறதா, நடக்கிறவர் கைக்கும் போகிறதா என்று பாருங்கள். அடுத்து மாற்றும் ரோலரின் பேரிங்கை அவரோடு உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். குழி எந்த வளையத்தில் இருந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.