பயந்தவனின் பட்டம்

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகனுக்கு 19 வயது. மாண்ட்ரியலில் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறான். படிப்பை நிறுத்திவிட்டுத் தொழில்முறை எம்எம்ஏ (கலப்புத் தற்காப்புக் கலை) வீரனாகப் போகிறேன் என்கிறான். அந்தச் சண்டையின் முன்னாள் சாம்பியன் ஜார்ஜ் செயின்ட் பியர்தான் அவனுக்குத் தெய்வம். அவருடைய போட்டிகளை நானும் ஒன்று விடாமல் பார்த்திருக்கிறேன். 2007இல் மேட் செராவிடம் அடிவாங்கிய பிறகு அவர் பயந்துவிட்டார் என்பதே என் எண்ணம். அதன்பின் எதிராளியைக் கீழே தள்ளி அமுக்கிக்கொண்டு புள்ளிகளில் மட்டுமே ஜெயித்தார். மனிதனை மனிதன் அடிப்பதைக் காசு கொடுத்துப் பார்ப்பது காட்டுமிராண்டித்தனம் என்றும் தோன்றுகிறது. அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகர், மாண்ட்ரியல்

அன்புள்ள நண்பருக்கு,

அச்சத்தை வைத்துக்கொண்டே பெரிய காரியங்களைச் செய்தவர்களைப் பற்றிச் சில காலமாக யோசித்து வருகிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்ததால் உடனே எழுதுகிறேன். காட்டுமிராண்டித்தனம் பற்றிய கேள்வியை விட்டுவிடுவோம்; அதை உண்மையாக நம்புகிறவர் ஒன்று விடாமல் பார்த்திருக்க மாட்டார்.

செயின்ட் பியர் 2007இல் பயப்படத் தொடங்கவில்லை. கியூபெக்கின் ஒரு சிற்றூரில், பள்ளிக்கூடத்துப் பெரிய பையன்களிடம் அடிபட்டு வளர்ந்தவர் அவர். ஏழு வயதில் தந்தையிடம் கியோகுஷின் கராத்தே பயிலத் தொடங்கியதும் அதனால்தான். பின்னாளில் படிப்புச் செலவுக்காகக் குப்பை அள்ளும் வேலை பார்த்தார், இரவு விடுதி வாசலில் காவல் நின்றார், ஜியு ஜிட்சு என்னும் தரைச்சண்டைக் கலையைக் கற்பதற்காகப் பேருந்து ஏறி நியூயார்க்குக்குப் போய்வந்தார். 2004 அக்டோபரில் முதன்முறையாக, எம்எம்ஏ போட்டிகளை நடத்தும் யுஎஃப்சி நிறுவனத்தின் வெல்டர்வெயிட் எடைப்பிரிவுப் பட்டத்துக்காக மேட் ஹியூஸின் எதிரே நின்றபோது, தான் அண்ணாந்து பார்த்து வளர்ந்த அந்த மனிதரின் கண்ணை அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை. முதல் சுற்று முடிய ஒரே ஒரு நொடி இருக்கையில், கை மூட்டை வளைக்கும் கைப்பூட்டில் சிக்கி, கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஹியூஸை இரண்டாம் சுற்றில் வீழ்த்திப் பட்டத்தை எடுத்தவரும் அதே பயந்த மனிதர்தான். போட்டிக்கு முந்தைய நாட்கள் தனக்குத் தாங்க முடியாதவை என்றும், சண்டையிடுவதையே தான் வெறுத்ததாகவும் அவரே பலமுறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

இனி உங்கள் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இங்கே உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். செராவிடம் தோற்றபின் அவர் விளையாடிய முதல் போட்டி எது என்று நினைவிருக்கிறதா? 2007 ஆகஸ்டில் ஜோஷ் காஷெக்குடன். காஷெக் 2001இல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தின் தேசிய சாம்பியன். செயின்ட் பியரோ பள்ளியிலோ கல்லூரியிலோ மல்யுத்தமே ஆடாதவர். காஷெக்கை அவருடைய சொந்தக் கலையிலேயே எதிர்கொண்டு கீழே தள்ளியவரைப் பார்த்துத்தான் பயந்துவிட்டார் என்கிறீர்கள். புள்ளிகளில் மட்டுமே ஜெயித்தார் என்பதும் தவறு. ஹியூஸை மறுபடி சந்தித்து, இம்முறை தானே கைப்பூட்டுப் போட்டுப் பணியவைத்ததும், மாண்ட்ரியலிலேயே 2008 ஏப்ரலில் செராவை இரண்டாம் சுற்றில் முடித்ததும், பி.ஜே. பென்னை நான்கு சுற்றுகளுக்கு மேல் எழவிடாததும் எல்லாம் அதன்பின் நடந்தவை. எழுதுவதற்கு முன் சரிபார்த்திருக்கலாம்.

2009 ஜூலையிலிருந்து அடுத்தடுத்த ஏழு வெற்றிகள் நடுவர் தீர்ப்பில் வந்தவை என்பது உண்மைதான். ஆனால் அவற்றுள் என்ன நடந்தது என்று மறுபடி பாருங்கள். தியாகோ ஆல்வெஸுடனான போட்டியில் நடுவிலேயே தொடையிடுக்குத் தசை கிழிந்தது. கிழிந்த தசையோடு கடைசிச் சுற்று வரை எதிராளியைத் தூக்கிக் கீழே போட்டார். 2010 டிசம்பரில் காஷெக்குடனான இரண்டாவது போட்டியில் அவர் முதல் சுற்றிலிருந்தே செய்தது ஒரே காரியம்: இடது கை நேராக நீளும், காஷெக்கின் வலது கண்ணில் விழும், எதிரடி வருவதற்குள் திரும்பிவிடும். வரப்போகிறது என்று காஷெக்குக்குத் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. இருபத்தைந்து நிமிடங்கள் முடிந்தபோது அந்தக் கண் முழுவதுமாக மூடியிருந்தது, கண்குழி எலும்பு முறிந்திருந்தது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் ஒன்றரை ஆண்டு கழித்துத் திரும்பிய 2012 நவம்பர் போட்டியில், மூன்றாம் சுற்றில் கார்லோஸ் காண்டிட்டின் உதை தலையில் விழுந்து தரையில் சாய்ந்தார். அங்கிருந்து எழுந்துதான் வென்றார். எதிராளி என்ன செய்வான் என்று பல இரவுகள் பயந்து பயந்து கற்பனை செய்து, அதற்கு விடை கண்டுபிடித்து வைத்திருப்பவரால்தான் இப்படிச் சண்டையிட முடியும். சோபாவில் அமர்ந்துகொண்டு நாக் அவுட் வரவில்லையே என்று நாம் குறைப்படுவது மிகச் சிறிய மனது, நண்பரே.

ஜானி ஹெண்ட்ரிக்ஸுடனான 2013 நவம்பர் போட்டிக்குப் பின், வீங்கிக் கன்றிய முகத்தோடு நின்று, கொஞ்ச காலம் விலகியிருக்கப் போகிறேன் என்று அவர் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. மறுபோட்டிக்கு அவர் கடன்பட்டிருக்கிறார் என்று யுஎஃப்சி நிறுவனத்தின் தலைவர் அன்றிரவே பொதுவெளியில் கடிந்துகொண்டார். செயின்ட் பியர் அசையவில்லை; அடுத்த மாதமே பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து வந்து மைக்கேல் பிஸ்பிங்கின் கழுத்தை நெரித்து அடுத்த மேல் எடைப்பிரிவான மிடில்வெயிட்டின் பட்டத்தை வென்று, பெருங்குடல் புண் நோயால் ஒரே மாதத்தில் அதையும் விட்டார். 2019இல் ஓய்வை அறிவித்தபோது 26 வெற்றி, 2 தோல்வி. தோற்கடித்த இருவரையும் திரும்ப வென்றிருந்தார். எப்போது விலக வேண்டும் என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் அந்தப் பயம்தான் என்று நான் நம்புகிறேன்.

உங்கள் அக்காவுக்கான பதில்: படிப்பை விட வேண்டாம். செயின்ட் பியர் பயின்ற ட்ரைஸ்டார் கூடம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. அதை நடத்தும் ஃபிராஸ் ஸஹாபியே பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர். பையனை அங்கே சேர்த்துவிடுங்கள். இரண்டு ஆண்டுகள் பயின்றபின் அமெச்சூர் போட்டி ஒன்றில் இறங்கட்டும். அதற்கு முந்தைய இரவு அவன் தூங்கவில்லை என்றால், தயவுசெய்து அதை ஒரு குறையாக அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள்.