இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் திரைவாழ்க்கை எப்படி மாறியது?

போருக்கு முன்பு அவர் திரையில் வெள்ளந்தியான இளைஞர். தயங்கித் தயங்கிப் பேசுவார், நியாயம் என்று வந்தால் விடமாட்டார். 'தி பிலடெல்பியா ஸ்டோரி' (1940) படத்துக்காக ஆஸ்கரும் வாங்கிவிட்டார். 1941இல் ராணுவத்தில் சேர்ந்தார். பெயருக்குச் சேரவில்லை, பி-24 குண்டுவீச்சு விமானத்தில் 20 போர்ப் பயணங்கள் போய்வந்து, கர்னலாகத் திரும்பினார்.

திரும்பியதும் நடித்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' (1946) வசூலில் ஏமாற்றியது. இன்று அதைக் கொண்டாடாதவர்கள் குறைவு என்பது வேறு விஷயம்.

உண்மையான திருப்பம் 1950இல் வந்த 'வின்செஸ்டர் '73'. அவர் கேட்ட சம்பளத்தை யுனிவர்சல் ஸ்டுடியோவால் தர முடியவில்லை. சரி, சம்பளத்துக்குப் பதில் லாபத்தில் பங்கு கொடுங்கள் என்று அவருடைய ஏஜென்ட் லூ வாஸர்மேன் பேசி முடித்தார். படம் நன்றாக ஓடியது, ஸ்டூவர்ட்டுக்குப் பெரும் பணம் வந்தது. அப்புறம் மற்ற நட்சத்திரங்களும் பங்கு கேட்க ஆரம்பித்தார்கள். ஒப்பந்தம் போட்டு நடிகர்களைக் கட்டிவைத்திருந்த ஸ்டுடியோக்களின் பிடி தளர்ந்ததில் இந்த ஒரு ஒப்பந்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நடிப்பும் அந்தப் படத்தில்தான் இருண்டது. இயக்குநர் ஆன்டனி மான் அவரை வஞ்சம் தீர்க்க அலையும் முரடனாகக் காட்டினார். இருவரும் சேர்ந்து எட்டுப் படங்கள் செய்தார்கள். ஹிட்ச்காக் இன்னும் ஆழமாகப் போனார். 'வெர்டிகோ' (1958) படத்தில் இறந்துபோன காதலியின் சாயலுக்கு இன்னொரு பெண்ணை வற்புறுத்தி மாற்றும் மனிதராக அவர் வரும் காட்சிகளைப் பாருங்கள். என் கணக்கில் அவருடைய மிகச் சிறந்த நடிப்பு அதுதான். அதற்கு ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை.