பிரான்சில் ஜனாதிபதி பிரதமரை நீக்க முடியுமா?

தம்பி, புதிதாகக் குடியேறியோருக்கான குடிமைப் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த பிறகு, "இந்த நாட்டு ஜனாதிபதியும் இலங்கை ஜனாதிபதியைப் போல நினைத்த நேரத்தில் பிரதமரையும் அமைச்சர்களையும் மாற்றலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். 1958ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 8ஆம் உறுப்புரையின்படி பிரதமரை நியமிப்பவர் ஜனாதிபதிதான். ஆனால் பிரதமர் தாமாகப் பதவி விலகல் கடிதம் கொடுத்தால் மட்டுமே அவருடைய பதவியை ஜனாதிபதி முடிவுக்குக் கொண்டுவர முடியும், மற்ற அமைச்சர்களை நியமிப்பதும் நீக்குவதும் பிரதமரின் முன்மொழிவின் பேரிலேயே நடக்க வேண்டும்.

நடைமுறை எப்போதும் அப்படி இருப்பதில்லை. நாடாளுமன்றப் பெரும்பான்மை ஜனாதிபதியின் பக்கம் இருக்கும்போது, அவர் கேட்டால் பிரதமர் கடிதத்தை நீட்டிவிடுவார். 1972இல் பிரதமர் ஷபான் தெல்மாஸ் நாடாளுமன்றத்தின் கீழவையான தேசிய சபையில் பெரும் வாக்கு வித்தியாசத்தில் நம்பிக்கை வாக்குப் பெற்றிருந்தும், சில வாரங்களிலேயே ஜனாதிபதி பொம்பிதுவின் விருப்பப்படி விலகினார்.

இதன் மறுபக்கத்தை நான் பாரிசுக்கு வந்த மறு ஆண்டே கண்டேன். 1997இல் ஜனாதிபதி சிராக் சபையை ஓராண்டு முன்னதாகக் கலைத்துத் தேர்தலில் தோற்றதால், எதிரணியின் ஜொஸ்பானைப் பிரதமராக நியமித்து, தம் கொள்கையை எதிர்த்தவர்கள் நிறைந்த அமைச்சரவைக்கு ஐந்து ஆண்டுகள் புதன்கிழமைதோறும் தலைமை தாங்க வேண்டியதாயிற்று. ஜனாதிபதியே எல்லாம் என்று பார்த்து வளர்ந்த எனக்கு அது பெரும் வியப்பாக இருந்தது. அந்த நிலை மீண்டும் வராதிருக்கவே 2000இல் மக்கள் தீர்ப்பின் மூலம் ஜனாதிபதியின் பதவிக்காலத்தை ஏழிலிருந்து ஐந்து ஆண்டுகளாகக் குறைத்து, சபையின் காலத்தோடு பொருத்தினார்கள்.

நம்முடைய 1978 அரசியலமைப்பு பிரான்சைப் பார்த்து எழுதப்பட்டதென்றாலும், அமைச்சரவையின் தலைமையை ஜனாதிபதியிடமே கொடுத்துவிட்டது. 2015இன் 19ஆம் திருத்தம் அதைக் கட்டுப்படுத்தியும், 2018 ஒக்டோபரில் மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணிலை நீக்கினார். டிசம்பரில் ரணிலே மீண்டும் பிரதமரானார். 2020இன் 20ஆம் திருத்தம் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது, 2022இன் 21ஆம் திருத்தம் மறுபடியும் குறைத்தது. பதவியில் இருப்பவரைப் பார்த்துத் திருத்தம் எழுதும் இந்தப் பழக்கம்தான் எனக்கு ஆழ்ந்த கவலை தருகிறது.

வகுப்பில் கேட்டால், இங்கே அரசாங்கத்தை வீழ்த்தும் உரிமை தேசிய சபைக்கு உண்டு என்று சொல்லுங்கள். 2024 டிசம்பர் 4 அன்று பிரதமர் பார்னியேயின் அரசாங்கம், நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஆதரவாக 331 வாக்குகள் விழுந்து கவிழ்ந்ததை உதாரணமாகக் காட்டலாம்.