வகுப்பறைத் தொழில்நுட்பத்தால் எல்லாப் பிள்ளைகளையும் பாடத்துக்குள் கொண்டுவருவது எப்படி?

ஒரே பாடத்துக்குப் பார்க்க, கேட்க, படிக்க, தொட்டுப் பார்க்க எனப் பல வழிகளைத் திறந்துவைப்பதுதான் அது. வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய வகுப்பறை ஒன்றை எண்ணிப் பாருங்கள். சரக்கு ரயில் கடக்கும்போது ஆசிரியரின் குரல் கடைசி பெஞ்சுக்கு எட்டாது. திரையில் ஓடும் காணொளிக்குக் கீழே தமிழ் எழுத்துகள் வந்தால், காது சரியாகக் கேட்காத சிறுமி பாடத்தைத் தொடர்கிறாள். வீட்டில் தெலுங்கு பேசும் சிறுவன் சொல்லைக் கேட்டபடியே அதன் எழுத்தையும் பிடித்துக்கொள்கிறான். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைக்குக் குரல்தான் துணை.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் அச்சாகும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து காணொளியை மறுபடி மறுபடி ஓட்டலாம். இந்த 'மறுபடி'யைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கூச்சத்தால் கை தூக்காத பிள்ளைக்கு அது எத்தனை பெரிய விடுதலை!

பாடம் ஒரே வழியில் வந்தால், அந்த வழி அடைபட்ட பிள்ளைக்குப் பாடமே போய்விடுகிறது. ஒருவருக்காகத் திறக்கும் வழி மற்றவர்களுக்கும் உதவும். தாழ்தளப் பேருந்தைப் பாருங்கள்: சக்கர நாற்காலிக்காகப் படியை எடுத்தார்கள், மூட்டு வலியோடு ஏறும் பாட்டிக்கும் அது உதவுகிறது.

ஆளுக்கொரு டேப்லெட் இருந்தால்தான் முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆசிரியரின் ஒரே கைப்பேசியும் சிறிய ஒலிபெருக்கியும் இருந்தாலே தொடங்கிவிடலாம்.