பெருங்குடல் அழற்சிக்கு மலைப்பூண்டு ஆகுமா?

கேள்வி: வயது 38. கொடைக்கானல் பக்கம் பூம்பாறையில் பூண்டும் கேரட்டும் போடுகிறேன். இரண்டு வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் அழற்சியும் புண்ணும். அழற்சியைத் தணிக்கும் மெசலமைன் மாத்திரை சாப்பிடுகிறேன். ஆறு மாதமாக ரத்தம் போகவில்லை. ஆனாலும் பயந்துபோய் கஞ்சி, இட்லியோடு நிறுத்திக்கொண்டேன். 8 கிலோ இளைத்து இப்போது 50 கிலோ இருக்கிறேன். பூண்டைப் பாலில் வேகவைத்துக் குடி, மாத்திரையே வேண்டாம் என்கிறார் மாமா. எங்கள் காட்டில் விளைவதில் எதைத்தான் நான் சாப்பிடலாம்?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள். மெசலமைன் செய்யும் வேலையைச் செய்யும் உணவு எதுவும் கிடையாது. இவ்வளவு எடை இறங்கியதற்குக் கஞ்சிதான் காரணம் என்று நீங்களே முடிவுகட்டவும் வேண்டாம். டாக்டரிடம் சொல்லி ஹீமோகுளோபினும், மலத்தில் கால்ப்ரோடெக்டினும் (குடல் அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் புரதம்) பார்த்துவிடுங்கள்.

கஞ்சி, நோய் கிளம்பியிருக்கும் நாட்களுக்கான சாப்பாடு. அடங்கிய பிறகும் அதையே பிடித்துக்கொண்டிருந்தால் குடலுக்கு நஷ்டம். நாம் தின்னும் நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன. பெருங்குடலின் உள்தோலுக்கு அதுதான் முக்கியத் தீனி.

ஆகவே கேரட்டிலிருந்து ஆரம்பியுங்கள். தோல் சீவி, குழைய வேகவைத்து, மசித்து முதல் நாள் இரண்டு ஸ்பூன். தொந்தரவு இல்லையென்றால் மூன்று நாளில் ஒரு கிண்ணம். அடுத்து உருளைக்கிழங்கு, தோல் சீவி வேகவைத்த பேரிக்காய், நார் உரித்துப் பொடியாக நறுக்கிய பீன்ஸ். ஒரு நேரத்தில் ஒரு புதுப் பொருள்தான். இரண்டைச் சேர்த்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாது. முட்டைக்கோஸ், பச்சை முள்ளங்கி கடைசியில். (கிரோன் நோய் என்ற இன்னொரு வகைக் குடல் அழற்சியில் குடல் சுருங்கியிருப்பவர்கள் இதைப் பின்பற்றக் கூடாது, நார் அங்கே அடைத்துக்கொள்ளும்.)

இனி பூண்டு. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய உங்கள் மலைப்பூண்டு குடலில் புண் உண்டாக்காது. இருக்கிற புண்ணை ஆற்றவும் செய்யாது. அதிலுள்ள ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து நமக்குச் செரிக்காமல் பெருங்குடலில் வாயுவாகிறது. பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையும் சிலருக்கு அப்படித்தான். மாமாவின் வைத்தியத்தில் வயிறு உப்ப வேண்டிய இரண்டும் ஒரே டம்ளரில்! பாலுக்குப் பதில் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதனால் ரசத்தில் கொதித்த பூண்டை எடுத்துப்போட்டுப் பயனில்லை. இரண்டு பல்லை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளியுங்கள். மணம் இருக்கும், உப்புசம் இருக்காது.

புரதம்தான் உங்களுக்குப் பெரிய குறை. நோய் அடங்கிய நிலையில் உடல் எடையில் கிலோவுக்கு தினம் 1 கிராம் வேண்டும், கிளம்பினால் 1.2 முதல் 1.5 வரை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி, குழைய வெந்த பாசிப்பருப்பு எல்லாம் வரட்டும். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தால் டீயோடு விழுங்காதீர்கள். டீ அதை உடம்பில் சேரவிடாது.

பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் மலம் சிவந்து போகலாம், பதற வேண்டாம். சாப்பிடாத நாளிலும் சிவந்தால் டாக்டரைப் பாருங்கள். ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், காய்ச்சலும் அடித்தால் காலை முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ராத்திரியே வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.