மிஸ் கேரளா மீன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஒரு கடையில் ரோஸ்லைன் ஷார்க் என்கிறார்கள், இன்னொரு கடையில் மிஸ் கேரளா. இரண்டும் ஒன்றா?

ஒன்றேதான். ஆனால் சுறாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது கெண்டை இனம். கேரளத்திலும் தென் கர்நாடகத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஆறுகள்தான் இதன் சொந்த வீடு. 1865-இல் இதை விவரித்த பிரான்சிஸ் டே, அப்போதைய சென்னை மாகாண கவர்னர் வில்லியம் டெனிசனின் பெயரை வைத்தார். எனக்கென்னவோ மலையாளப் பெயரான செங்கணியான்தான் பிடிக்கும். கண்ணை ஊடுருவி ஓடும் அந்தச் சிவப்புக் கோட்டுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

இரண்டடித் தொட்டியில் இரண்டு வாங்கி விட்டேன். ஒன்று செத்துவிட்டது, மற்றது மூலையிலேயே ஒதுங்கி நிற்கிறது. ஏன்?

பயம். கூட்டமாக ஓடித் திரியும் மீன் இது, குறைந்தது ஆறு மீன்களாவது சேர்ந்திருக்க வேண்டும். வளர்ந்தால் பத்து சென்டிமீட்டரைத் தாண்டும் என்பதால் நான்கடித் தொட்டிக்குக் குறைந்து யோசிக்காதீர்கள். அப்புறம் வெப்பம். மலையோடையின் குளிர்ந்த, ஓடும் தண்ணீருக்குப் பழகிய உடம்பு. 25 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. கோடையில் தண்ணீர் சூடானால் அதில் ஆக்சிஜனும் குறையும். பில்டர் தண்ணீர் மேற்பரப்பைக் கலக்கும்படி வையுங்கள், சின்ன விசிறி ஒன்றையும் ஓடவிடுங்கள். மூடி கட்டாயம், துள்ளி வெளியே விழும்.

வீட்டில் குஞ்சு எடுக்கலாமா?

அநேகமாக முடியாது. பண்ணைகளில் ஹார்மோன் ஊசி போட்டுத்தான் முட்டையிட வைக்கிறார்கள்.

ஆற்றில் பிடித்ததா, பண்ணையில் வளர்த்ததா என்று கேட்டு வாங்க வேண்டுமா?

கட்டாயம் கேளுங்கள். 1997-இல் சிங்கப்பூரில் நடந்த அக்வாராமா என்ற அலங்கார மீன் கண்காட்சியில் பரிசு பெற்ற பிறகு உலகமே இதைக் கேட்க ஆரம்பித்தது. ஆறுகளில் வலை விழுந்தது. இன்று இது அழியும் ஆபத்தில் உள்ள இனம். கேரளத்தில் பிடிக்கத் தடை விதித்த மாதங்களில் பெரும்பகுதி ஜூன், ஜூலை. மீன் இனப்பெருக்கம் செய்வதோ அக்டோபர் முதல் மார்ச் வரை. இதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. "ஆத்து மீன் சார், கலர் தூக்கலா இருக்கும்" என்று கடைக்காரர் சொன்னால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

என் மீன் ஒன்றின் முதுகுத் துடுப்பில் கருந்திட்டு இருக்கிறது. நோயா?

இல்லை. அது சாலக்குடி ஆற்றின் பெயர் கொண்ட நெருங்கிய உறவு இனமாக இருக்கலாம். அதுவும் ஆபத்தில் இருப்பதுதான், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.